தொம்பையும் தையற்பொறியும்

தமிழ்நாட்டுத் திருக்கோயில்களின் தேர்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் அடிப்பகுதியில் அமைந்த மரச் சிற்பங்களையே விரித்துரைப்பர். யாளியும், பாயும் குதிரையும், புராணக் கதைகளும் செதுக்கப்பெற்ற அப்பகுதி போற்றுதற்குரியதே. அதனைக் குறைத்துரைத்தல் நம் கருத்தன்று. ஆயினும், தேரோட்டத்தன்று தெருவில் நின்று நிமிர்ந்து நோக்குவாருடைய கண்ணில் முதலிற் படுவது மரமன்று, துணியே. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரமுடையது என்பர். அதன்கண் மரத்தாலாகிய பகுதி ஏறத்தாழ 30 அடியே. எஞ்சியது முழுதும் மூங்கிலும் கயிறும் சீலையுமாம். எனவே அத்தேரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மூங்கிற் சாரம் கட்டுவாருக்கும் தையற்காரருக்குமே உரியது என்று சொல்லுதல் மிகையாகாது. தச்சர் பெருமை பேசுவார் பலர். தைத்தவர் பெருமை பேசுவார் மிகச் சிலர். ஊசியும் நூலும் கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் நம்முள் பல இருத்தலின், அவ்வலங்காரத் தையற்கலையின் வரலாற்றையும், தையற்பொறி வந்த பின்னும் அது அழியாது நின்ற வகையையும் நம் சங்கத்தன்பர்களுக்கு ஒருவாறு எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

தேரின் நாற்புறமும் தூண்போல உருண்டு தொங்கும் துணியணிக்குத் தொம்பை என்று பெயர். வாயில்களிலும் மண்டப விளிம்புகளிலும் நீளவாட்டிற் கட்டப்படுவது வாசமாலை. மேலே விதானமாக விரிக்கப்படுவது அஸ்மானகிரி. இவையன்றித் தேர்ச்சீலை, குடை, கொடி என்பனவும் உண்டு. தொம்பை என்னும் சொல் நெல் சேர்த்து வைக்கும் உருண்டையான குதிரையும் குறிக்கும். குதிரைப் போல உருண்டு நீண்டிருத்தலின் துணியணிக்கும் அப்பெயர் ஆயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். உழவன் வீட்டு நெற்குதிரின் பெயர் இறைவன் தேரில் ஏறிற்று என்பது நினைக்குந்தொறும் இனிக்கும் செய்தியாகும். அஸ்மானகிரி என்பதோ பாரசீகச் சொல். ஆஸ்மான் என்பது அம்மொழியில் வானத்தைக் குறிக்கும். வடக்கிலிருந்து வந்த அரசவைப் பழக்கங்கள் நம் கோயிற் பந்தலிலும் கலந்தமைக்கு இச்சொல்லொன்றே சான்று. ஒரே தேரில் தமிழ்ச் சொல்லும் பாரசீகச் சொல்லும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன.

இவ்வணிகள் இருவகையாற் செய்யப்படும். ஒன்று, துணியின்மேற் கலம் கொண்டு எழுதும் கலங்காரி. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டை முதலிய ஊர்களில் இத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது. கருப்பூர்க் கலங்காரி 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. மற்றொன்று, ஒரு துணியின்மேல் வேறு நிறத் துணிகளை உருவாக வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல். இதனை இக்காலத்தார் அப்ளிக் வேலை என்பர். தஞ்சைப் பகுதி இதற்குப் பேர் பெற்றது. எழுதுவோனுக்குத் தூரிகை எவ்வாறோ, இத்தொழிலோனுக்குக் கத்தரி அவ்வாறு. நாம் ஈண்டு ஆராய்வது இவ்விரண்டாவதனையே.

தையல் நம் நாட்டிற்குப் புதிதன்று. நூல் தொட்ட தொழிலைப் பண்டையோர் துன்னம் என்றனர். பொருநராற்றுப்படையில் வறியனான பொருநன் ஒருவன் உடுத்தியிருந்த கந்தை, வேற்று நூல் கொண்டு தைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்துங்கால், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் தனித்தனியே எண்ணுகின்றது. அரங்கேற்று காதையோ நாடக மேடையின் மூவகைத் திரைச்சீலைகளையும் ஓவியம் தீட்டிய விதானத்தையும் கூறுகின்றது. அழகுக்கெனத் தொங்கவிடும் துணி அன்றே நம்மவர் வாழ்வில் இடம்பெற்றிருந்தது என்பது இதனாற் போதரும். தையற்காரனுக்குச் சிப்பியன் என்றொரு பழம்பெயர் உண்டு. அது சிற்பி என்னும் சொல்லோடு உறவுடையது. கல்லிற் செய்வானுக்கும் துணியிற் செய்வானுக்கும் முன்னோர் ஒரு குடும்பத்துச் சொற்களையே வழங்கினர் என்றால், அவ்விருவரையும் அவர்கள் ஏற்றத்தாழ்வின்றி மதித்தனர் என்று ஊகித்தல் தவறாகாது.

கல்வெட்டும் இதற்குத் துணை செய்கின்றது. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த சாசனங்களுள் ஒன்று, 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் அவர்கள் குடியிருந்த மனைகளையும் குறித்து, அவர்களோடு கோயிற்றொழில் செய்தார் பலருக்கும் வகுத்த பங்குகளைத் தெரிவிக்கின்றது. பங்கு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு நெல் நூறு கலம். அவ்வரிசையில் தச்சர், கன்னார், குயவர், ஈரங்கொல்லியர் என்பாருடன் தையானும், இரத்தினத் தையானும் காணப்படுகின்றனர். முன்னவர் துணி தைப்பவர். பின்னவர் மணிகளை வைத்துத் தைப்பவர். கூலி என்னாது பங்கு என்று அச்சாசனம் கூறுதலை நாம் உற்று நோக்கவேண்டும். கூலி பெறுவோன் அன்றைய வேலைக்கு உரியவன். பங்கு பெறுவோன் கோயிலுக்கு உரியவன்.

இங்கே நம்மவர்க்கு ஒன்று கூறவேண்டியதாகின்றது. குலச் சங்கங்களின் ஏடுகளில் எழுதுவோர், பழைய நூலில் ஒரு தொழிற்பெயரைக் கண்டவுடனே அதனைத் தம் குலத்தின்மேல் ஏற்றிப் பெருமை பேசுதல் வழக்கமாய்விட்டது. துன்னகாரர் இன்ன குலத்தார் என்று சிலப்பதிகாரம் சொல்லவில்லை. தையான் இன்ன குலத்தான் என்று நாம் மேற்காட்டிய சாசனமும் சொல்லவில்லை. சொல்லாததனைச் சொன்னதாகக் காட்டுதல் கற்றோர்க்கு அழகன்று. ஒட்டிசா நாட்டில் பூரி சகந்நாதர் தேர்களுக்கு ஒட்டுத்தையல் செய்யும் பிப்பிலி என்னும் ஊரில் அத்தொழில் தர்ஜி எனப்படும் தையற்காரர் குலத்தாரிடமே வழிவழியாய் இருந்தது. இன்றோ அங்கே பிற குலத்தாரும் மகளிரும் அதனைக் கற்றுச் செய்கின்றனர். அதனாலேயே அவ்வூர் இன்றும் வாழ்கின்றது. ஆதலின் இக்கலை எமதே என்று வாதிடுவதிலும், இக்கலையை யாம் அறிவோம் என்று செய்து காட்டுவதே நமக்குப் புகழாம்.

இனித் தொம்பை செய்யும் முறையைப் பார்ப்போம். முதலில் உருவத்தைத் தாளில் எழுதி வெட்டிக்கொள்வர். தாமரை, கொடி, கிளி, மயில், யானை, யாளி, தெய்வ வடிவங்கள் என்பன வழக்கமான உருவங்கள். அத்தாளைப் பல நிறத் துணிகளின்மேல் வைத்து வரைந்து, மடிப்புக்கு இடம்விட்டுக் கத்தரிப்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை ஆகிய அழுத்தமான நிறங்களே பெரிதும் வேண்டப்படும். எட்டத்தில் நின்று காண்பாருக்கு உருவம் தெளியவேண்டும் அன்றோ? நிறத்தோடு நிறம் மயங்கினால் கிளி இலையாகிவிடும். அதனாலேயே உருவத்தின் ஓரத்தில் மாறான நிறத்துக் கரையோ கயிறோ ஓட்டித் தைப்பர். வெட்டிய துண்டுகளை அடித்துணியில் நூலோட்டத்தாற் பிடித்துவைத்து, விளிம்பை உள்மடித்துச் சுற்றிலும் தைப்பர். பின்பு காடாத் துணியால் உட்புறம் இட்டு, இரு பக்கங்களையும் இணைத்துக் குழாயாக்கி, உருண்டை குலையாதிருக்க மேலும் கீழும் வளையம் வைப்பர். அடியில் நாக்குப் போன்ற தொங்கல்களும் குஞ்சங்களும் அமையும். இத்தனையும் கையாற் செய்தால் ஒரு தொம்பைக்கே பல நாட்கள் செல்லும். தேரொன்றுக்கு வேண்டுவனவோ பல.

இந்நிலையிலேதான் தையற்பொறி வந்தது. வழக்கில் தையல் மிஷின் எனப்படும் இப்பொறியின் பிறப்பும் வளர்ச்சியும் பூசலோடு கூடியவை. பிரெஞ்சு நாட்டுத் தையற்காரரான பார்த்தலெமி திமோனியே என்பார் 1830-இல் ஒரு பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். படை வீரரின் உடைகள் தைப்பதற்கு அமைந்த அவருடைய தொழிற்சாலையைப் பாரிஸ் நகரத்துத் தையற்காரர்கள் 1831-இல் புகுந்து உடைத்தனர். தம் பிழைப்புப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும், ஐசக் சிங்கர் 1851-இலும் பட்டயம் பெற்றனர். நுனியிலே கண்ணுடைய ஊசி மேல்நூலைத் துணியினூடே இறக்க, கீழே நெசவாளரின் ஓடம் போன்ற ஒன்று மற்றொரு நூலை அக்கண்ணியினுள் நுழைத்துப் பூட்டும். தறியில் ஓடம் ஓடும் முறையே தையலிலும் புகுந்தது எனலாம். சிங்கர் கம்பெனியார் 1856-இல் தவணை முறையிற் பணம் பெறத் தொடங்கியதனால் எளிய குடும்பங்களும் பொறியை வாங்கலாயின. அந்நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அது இந்தியாவிலும் விலையாகத் தொடங்கியது. 1935-இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ், உஷா என்னும் பெயரால் நம் நாட்டுப் பொறியையே செய்து விற்கலாயிற்று. இன்று தமிழ்நாட்டில் இப்பொறி இல்லாத தெருவைக் காண்டல் அரிது. ஆதரவற்ற மகளிருக்கு அரசாங்கத்தார் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தால் இதனையே இலவசமாக வழங்குகின்றனர்.

எளிய தையற்பொறி இயல்பில் நேர்கோடு ஒன்றனையே தைக்க வல்லது. அதனைக் கொண்டு சித்திரத் தையல் செய்வது எங்ஙனம் என்று சிலர் ஐயுறலாம். ஒட்டுத்தையலுக்கு நேர்கோடே போதும். வளைவு வருமிடத்து மெல்ல மிதித்துத் துணியைச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். மூலை வருமிடத்து ஊசியைத் துணியிற் குத்தியபடி நிற்கவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி, துணியைத் திருப்பிப் பின் பாதத்தைத் தாழ்த்தவேண்டும். இதனால் மூலை கூர்மையாக விழும். இனிப் பூவிதழை நூலாலேயே நிரப்ப விரும்பின், பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை முன்தள்ளும் பற்களைத் தாழ்த்தியோ தகட்டால் மூடியோ, துணியை வளையத்தில் இறுக்கி, இரு கைகளாலும் வேண்டியவாறு அசைத்துத் தைத்தல் வேண்டும். கைச்சக்கரப் பொறியில் ஒரு கை சக்கரத்திற்கே போய்விடும். மிதிப்பொறி வந்த பின்னரே இரு கைகளும் துணிக்கு உரியவாயின. எழுதுகோல் ஒரே இடத்தில் நிற்க, தாளை அசைத்து எழுதுவது போன்றது இது. காலின் மிதியும் கையின் அசைவும் ஒத்துச் செல்லாவிடின் நூல் அறும். அல்லது தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் விழும். தாளம் தப்பாது மிதித்தல் பல நாட் பழக்கத்தால் வருவது. ஆகவே பொறி வந்தமையாற் கைத்திறன் வேண்டாதாயிற்று என்பார் இதனைச் செய்து பார்த்தவரல்லர்.

மேனாட்டிலும் இதனை உணர்ந்தோர் இருந்தனர். சிங்கர் கம்பெனியாரே வீட்டுப் பொறியைக் கொண்டு சித்திரத் தையல் செய்யும் முறையை விளக்கி 1911-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அக்கம்பெனியிற் பயிற்றாசிரியராய் இருந்த டாரதி பென்சன் என்னும் ஆங்கில அம்மையார், வீட்டுத் தையற்பொறியின் கலைத்திறங்களைப் பற்றியே 1946-இல் தனிநூல் எழுதினார். எளிய பொறியைச் சித்திரக் கருவியாக ஆளலாம் என்பதை அந்நூல்கள் காட்டின. அவ்வுண்மையைத் தஞ்சைத் தொழிலாளர் செயலிற் காட்டினர். பாரிஸ் தையற்காரரைப் போல அவர்கள் பொறியை உடைக்கவில்லை. விளிம்பைத் தைக்கும் வேலையைப் பொறிக்குக் கொடுத்து, உருவம் வகுத்தல், வெட்டுதல், நிறம் சேர்த்தல், குஞ்சம் கட்டுதல் என்பவற்றைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். இவ்வாறு தேர்த்திருவிழாக்களுக்குக் குறித்த காலத்திற் பணியை முடித்துக் கொடுத்தலும் எளிதாயிற்று, தொழிலும் நிலைத்தது.

இனி நம் கொரட்டூர்ப் பக்கம் வருவோம். கீழ்பால் திருவலிதாயமும் மேல்பால் திருமுல்லைவாயிலுமாகத் தேவாரம் பெற்ற தலங்களின் நடுவே அமைந்தது நம் ஊர். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியபின் இப்பகுதி ஆலைகளின் நாடாயிற்று. ஆவடியில் படைவீரருக்கு உடை தைக்கும் தொழிற்சாலை 1960-களின் முற்பகுதியிலேயே அமைந்தது. 2021-இல் அது ட்ரூப் கம்போர்ட்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்கு உடை தைக்கும் ஆலைகளும் பல எழுந்தன. நம் வீட்டு மகளிரும் இளைஞரும் இவற்றாற் பிழைப்புப் பெற்றனர். அதனை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

ஆயினும், ஏற்றுமதி ஆலையில் தையல் நடைபெறும் முறையை நோக்குக. ஒருத்தி கழுத்துப்பட்டை மட்டும் தைப்பாள், மற்றொருத்தி கைப்பட்டை, இன்னொருத்தி பை. நாள் முழுதும் ஒரே தையல். பத்தாண்டு உழைத்தவள் வீடு திரும்பி ஒரு முழுச்சட்டையை அளவெடுத்து வெட்டித் தைக்கத் தெரியாதிருத்தலும் உண்டு. தஞ்சையில் தொம்பை தைப்பவன் மிதிப்பதும் தையற்பொறியே. இவள் மிதிப்பதும் தையற்பொறியே. அவனுக்குக் கலை வளர்ந்தது; இவளுக்குக் கை தேய்ந்தது. எனவே குற்றம் பொறியின்மேல் அன்று. வேலையைத் துண்டு துண்டாக்கி, முழுமையை ஒருவர் கண்ணிலும் படாமற் செய்யும் முறையின்மேலேயே ஆகும். துண்டுத்துணிகளைக் கொண்டு முழு உருவம் சமைப்பது தொம்பை. முழு உடையைக் கொண்டு தொழிலாளியின் அறிவைத் துண்டாக்குவது ஆலைமுறை. இவ்வரலாற்றால் நாம் அறியவேண்டிய தலையாய செய்தி இதுவே.

காந்தியடிகளும் இவ்வேறுபாட்டைக் கண்டவர். 1924-இல் இராமச்சந்திரன் என்னும் இளைஞர், தாங்கள் எல்லாப் பொறிகளையும் வெறுக்கின்றீர்களோ என்று வினவியபோது, மனிதனின் உறுப்புகளைச் செயலறச் செய்யும் பொறியையே தாம் மறுப்பதாகவும், சிங்கர் தையற்பொறி போன்றவற்றுக்கு விலக்கு அளிப்பதாகவும் அடிகள் விடையிறுத்தார். அவ்விராமச்சந்திரனே பிற்காலத்தில் தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை 1947-இல் நிறுவியவர்.

இப்பொழுது புதியதோர் இடர் தோன்றியுள்ளது. கணினியால் இயங்கும் பொறிகள் தாமே உருவத்தைத் தைத்துவிடுகின்றன. அதனினும் எளிதாக, தொம்பையின் உருவத்தை அப்படியே துணியில் அச்சிட்டு விற்கின்றனர். எட்ட நின்று பார்ப்பாருக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். விலையும் குறைவு. அச்சிட்டதில் உருவம் துணியின்மேற் படிந்த சாயமே. தைத்ததில் உருவம் துணியின்மேல் எழுந்து நிற்பது. காற்றில் அசையுங்கால் தைத்த தொம்பையின் விளிம்புகளில் நிழல் விழும். அச்சிட்டதிற் புடைப்பு இன்மையால் அந்நிழல் விழாது. ஒரு மயிலின் தோகை கிழிந்தால் தைத்ததிற் புதுத்தோகை வைத்துத் தைத்துவிடலாம். அச்சிட்டது கிழிந்தால் அவ்வாறு செய்ய இயலாது. செப்பனிடத்தக்கதே பல தலைமுறைக்குச் செல்வது. இதனைக் கோயிற் பணியில் ஈடுபட்ட நம் பெரியோர் சிந்தித்தல் வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, நம் முதியோர் வீடுகளில் உருவம் வெட்டிய தாள்கள், பழைய வாசமாலைத் துண்டுகள் முதலியன இருப்பின் அவற்றைக் குப்பையில் எறியாது சங்கத்திற் சேர்ப்பித்துக் காத்தல் வேண்டும். இரண்டாவது, பயனின்றி மூலையில் மேசையாய்க் கிடக்கும் மிதிப்பொறிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடாது, எண்ணெயிட்டுச் செப்பனிட்டு, பள்ளி விடுமுறைக் காலத்தில் சிறாருக்கும் மகளிருக்கும் ஒட்டுத்தையல் கற்பிக்கும் வகுப்பு ஒன்று ஏற்படுத்துதல் வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து கற்கலாம். பிற குலத்தார் வரினும் முகமலர்ந்து சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வகுப்பின் முதற்பாடம் பொறியன்று, கத்தரியாக இருத்தல் நன்று. ஒரு தாமரையைத் தாளில் எழுதி, வெட்டி, நிறம் தேர்ந்து, முழுதும் தன் கையால் தைத்து முடித்த பிள்ளை, பின்பு எந்த ஆலைக்குச் சென்றாலும் தன் தொழிலின் முழுமையை மறவாது.

மூன்றாவது விண்ணப்பம் திருக்கோயில்களுக்குத் தொம்பையும் வாசமாலையும் வழங்கும் செல்வர்களுக்கு உரியது. அச்சிட்டதனை விடுத்துத் தைத்ததனையே வழங்குக. கொடுப்போர் பெயரை உபயம் என்று துணியின் முகப்பிற் பெரிதாகப் பொறித்தல் வழக்கமாக உள்ளது, அது நிற்க. அவ்வணியின் உட்புறத்துக் காடாத் துணியின் ஓரத்தில், செய்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு வரியில் தைத்துவைக்க இசைவு தருக. அதற்கு ஆகும் செலவு ஒரு முழ நூலே. சோழர் காலத்துத் தையானுக்குக் கோயிலிற் பங்கு உண்டு என்று கல்லில் வெட்டி வைத்தனர். நம் காலத்துத் தையற்காரரின் பெயரேனும் துணியில் நிற்கட்டும்.